உப்புக் காற்றில் பிக்சர் ரியூப்

வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்துவிட்டால் திருகோணமலையில் ரீவி திருத்துகிறவனிடம் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வரும். காலையில் செட்டைப் போட்டால் படம் கலங்கலாக இருக்கிறது, எழுத்துகள் ஊறிப்போய்த் தெரிகின்றன, கொஞ்ச நேரம் ஓடினபிறகு தானாகத் தெளிகிறது. முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி நேரம், கடைசியில் தெளியவே தெளியாது. "தம்பி, ரியூப் அடிச்சுப்போட்டுது போல" என்று சொல்லிக்கொண்டே செட்டைத் தூக்கி வருவார்கள். புது ரியூப் போடுவதென்றால் அதற்கு இன்னொரு செட்டே வாங்கிவிடலாம் என்ற கவலை முகத்தில் தெரியும்.

பெரும்பாலும் ரியூபுக்கு ஒன்றும் ஆகியிராது. அதன் கழுத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சொக்கெட் செருகியிருக்கும். பேஸ் என்று சொல்வோம். அதில் மற்ற ஊசிகளுக்கெல்லாம் கூடினால் சில நூறு வோல்ட்தான். போக்கஸ் ஊசிக்கு மட்டும் 5,000 முதல் 8,000 வோல்ட் வரை வரும். அதனால் அந்த ஊசியை மூடியோடு கூடிய ஒரு தனி அறைக்குள் வைத்திருப்பார்கள். கடற்கரை வீட்டில் உப்பும் ஈரமும் கலந்த காற்று அந்த அறைக்குள் புகுந்து செப்பில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். களிம்பு வழியாக மின்சாரம் கசியும், போக்கஸ் வோல்ட் இறங்கும், எலக்ட்ரான் கற்றை திரையில் புள்ளியாகக் குவியாமல் பரந்து விழும். ரியூபின் கழுத்துச் சூட்டில் ஈரம் காய்ந்ததும் கசிவு குறைந்து படம் தெளியும். அறையைத் திறந்து துடைத்துவிட்டால் சில மாதம் தாக்குப்பிடிக்கும். பிறகு அதே கதை. சொக்கெட்டையே மாற்றி, மூடியின் விளிம்பில் சிலிக்கோன் பூசி அடைத்துவிடுவதுதான் எங்கள் ஊருக்குச் சரியான வேலை. உட்துறைமுக வீதியிலும் உப்புவெளியிலும் உள்ள வீடுகளுக்கு இதை நான் கேட்காமலே செய்துவிடுவேன். உவர்மலையில் மேட்டில் இருக்கும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

உயர் தெளிவுள்ள ரீவி என்றால் ஆட்கள் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைத்தான் கேட்பார்கள். எத்தனை கோடு, எத்தனை புள்ளி? அந்த எண் உண்மையாக இருக்கலாம். ஆனால் ரியூபின், அதாவது கதோட்டுக் கதிர்க் குழாயின், தெளிவு தொழிற்சாலையில் முடிந்துபோகிற காரியமல்ல. இன்றைய தட்டைத் திரையில் புள்ளிகள் கண்ணாடியில் செதுக்கியதுபோல இருந்த இடத்திலேயே இருக்கும். ரியூபில் அப்படி நிலையான புள்ளி எதுவும் இல்லை. ஒவ்வொரு கணமும் கற்றை வந்து விழுந்தால்தான் புள்ளி. அது எங்கே விழுகிறது, எவ்வளவு சின்னதாக விழுகிறது என்பதை வோல்ட்டும் காந்தமும் காற்றின் ஈரமும் செட் வைத்திருக்கும் திசையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே ரியூப் எவ்வளவு நுட்பமானதோ, அவ்வளவுக்கு அது வந்து சேர்ந்த ஊரில் ஒருவன் அதற்காக உழைக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக நான் செய்த வேலை அதுதான்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானின் உதவியோடு தொடங்கியது. அதற்கு முன்பே 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். வந்துவிட்டது. எங்கள் நாட்டில் எடுத்துக்கொண்டது பால் முறை: ஒரு படத்துக்கு 625 கோடு, செக்கனுக்கு 25 படம். இரண்டையும் பெருக்கினால் 15,625. கற்றை ஒரு செக்கனில் அத்தனை தடவை இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அந்த 625இல் கண்ணுக்குத் தெரிவது 576 கோடு. ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ செக்கன். திரும்பி ஓடும் நேரம் போகப் படத்துக்கு மிஞ்சுவது 52. ஒளிச் சமிக்ஞைக்கு ஒதுக்கிய அலைவரிசை அகலம் 5 மெகாஹேர்ட்ஸ். கணக்குப் போட்டால் ஒரு கோட்டில் கிட்டத்தட்ட 520 புள்ளிக்கு மேல் அனுப்ப வழியில்லை. எவ்வளவு விலையுள்ள செட்டை வாங்கி வைத்தாலும் அன்ரெனாவில் வருவது அவ்வளவுதான். வி.எச்.எஸ். கசெட்டில் அதிலும் பாதியளவுதான். இதை விளங்கப்படுத்தினால் சிலர் நம்பமாட்டார்கள். டி.வி.டி. பிளேயர் வந்து, ஒரே செட்டில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியபோதுதான் தங்கள் ரியூப் இவ்வளவு காலமும் எவ்வளவு குறைவாகக் காட்டியிருக்கிறது என்று கண்டார்கள்.

திரைக்கு வரும் சமிக்ஞை நல்லதாக இருந்தாலும் கற்றையின் பருமன் ஒரு எல்லை போடும். கற்றையில் எலக்ட்ரான் கூடக் கூட அவை ஒன்றையொன்று தள்ளும். புள்ளி ஊதிப் பெருக்கும். கடைகளில் கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காகப் பிக்சர் என்ற அளவை உச்சத்தில் வைத்துக் காட்டுவார்கள். வீட்டுக்கு வந்தும் அது அப்படியே இருக்கும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் திரையில் வந்தால் சட்டையின் மடிப்பெல்லாம் கரைந்து வெறும் வெள்ளையாகத் தெரியும். அளவைப் பாதியாகக் குறைத்து, ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு, "இப்பப் பாருங்கோ அக்கா" என்று நான் சொன்ன வீடுகள் எத்தனையோ. அதற்கு ஒரு சதமும் வாங்கியதில்லை. பெரிய செட்டுகளில் வெலொசிற்றி மொடியுலேஷன் என்று ஒரு வசதியும் இருக்கும். கழுத்தில் ஒரு சிறு சுருள், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்புகளில் கற்றையின் ஓட்டத்தைக் கொஞ்சம் வேகப்படுத்தியும் தாமதப்படுத்தியும் விளிம்பைக் கூர்மையாகக் காட்டும். அது இல்லாத விவரத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் மெல்லிய விவரத்தைச் சில வேளை விழுங்கியும் விடும். நான் அதை அணைத்து வைக்கச் சொல்கிற கட்சி.

எங்கள் மாவட்டத்து வீடுகளில் மதிப்பாக வைத்திருந்த செட் சொனி ட்ரினிட்ரொன். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்தவைதான் அதிகம். மூதூரிலும் கிண்ணியாவிலும் ஒரு வீட்டுக்குள் போனவுடன் யார் வெளிநாட்டில் இருந்து வந்தார்கள் என்று செட்டைப் பார்த்தே சொல்லலாம். 1968இல் ஜப்பானில் வெளிவந்த அந்த ரியூப், மற்றவர்கள் பாவித்த துளையிட்ட தகட்டுக்குப் பதிலாக, மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய மெல்லிய உலோக இழைகளை வைத்தது. மூன்று நிறங்களுக்கும் ஒரே பெரிய வில்லை வழியாகப் போகும் மூன்று கற்றைகள். துளைத் தகட்டில் கற்றையின் பெரும்பகுதி தகட்டிலேயே மோதிச் சூடாகும். கால்வாசிக்குக் கிட்டத்தான் திரைக்குப் போகும். அந்தச் சூட்டில் தகடு வீங்கி நிறம் மாறும். அதைத் தடுக்கத்தான் பிறகு இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவையில் தகடு செய்தார்கள். சூட்டில் கிட்டத்தட்ட விரியாத அந்த உலோகத்தைக் கண்டுபிடித்த குயோமுக்கு 1920இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. இழைகளில் அந்தச் சிக்கல் குறைவு. வீணைத் தந்திபோல இழுத்த நிலையில் இருப்பதால் சூட்டில் கொஞ்சம் நீண்டாலும் விறைப்புக் குறையுமே தவிர இடம் மாறாது.

தந்தி என்றால் அதிரும். அதிராமல் இருக்க குறுக்காக மிக மெல்லிய கம்பி கட்டியிருப்பார்கள். சின்ன ரியூபுக்கு ஒன்று, பெரியதற்கு இரண்டு. வெள்ளைத் திரையில் அவற்றின் நிழல் மயிரிழையாகத் தெரியும். தம்பலகாமத்தில் இருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் புது செட்டோடு வந்து, "இரண்டு கோடு விழுந்திருக்கு, ஏமாத்திப்போட்டாங்கள்" என்று கலங்கி நின்றார். கடையில் இருந்த இன்னொரு ட்ரினிட்ரொனைப் போட்டு அதே இடத்தில் அதே இரண்டு கோட்டைக் காட்டினேன். பிறகு செட்டின் பக்கத்தில் கையால் மெதுவாகத் தட்டச் சொன்னேன். படத்தில் ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது. "இந்தக் கம்பி இல்லாட்டி அந்த நடுக்கம் அடங்காது ஐயா" என்றேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கோடுகளைக் காட்டி விளங்கப்படுத்துவார் என்று கேள்வி. கற்பித்த கை.

காந்தத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரைப் பற்றி இந்தத் தொழில் எனக்குச் சொல்லித்தந்த மிகப் பெரிய விசயம் இது.

பூமியின் காந்தப் புலம் எல்லா இடத்திலும் ஒரே சாய்வில் இல்லை. வடக்கே போகப் போக அது நிலத்துக்குள் குத்தாக இறங்கும். டோக்கியோவில் ஏறக்குறைய 49 பாகை சாய்வு. புலம் நிலத்துக்குச் சமாந்தரமாகவே கிடக்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த மத்திய கோடு. கேரளத்துத் தும்பாவை ரொக்கட் ஏவுதளத்துக்குத் தெரிவு செய்ததே அந்தக் கோடு அதன் மேலாகப் போவதால்தான். தும்பாவும் திருகோணமலையும் ஏறக்குறைய ஒரே அகலாங்கு. இரண்டும் 8 பாகை 30 கலைக்குக் கிட்டத்தான். அந்தக் கோடு எங்களுக்கும் மிக அருகால் போகிறது. ஆகவே இங்கே காந்தப் புலத்தில் மேல்-கீழ்ப் பங்கு இல்லை என்றே சொல்லலாம். முழுவதும் தெற்கு-வடக்காகக் கிடக்கிறது.

இது ரியூபுக்கு என்ன செய்கிறது? எலக்ட்ரான் கற்றையைக் காந்தம் வளைக்கும். மேல்-கீழ்ப் புலம் கற்றையைப் பக்கவாட்டில் தள்ளும். நிறக் கோடுகள் திரையில் நெடுக்காக நிற்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலும் சிவப்புக்குப் போக வேண்டிய கற்றை பச்சையின் ஓரத்தைத் தொடும். தயாரிப்பாளர்கள் இதைக் கணக்கில் எடுத்து வட அரைக்கோளத்துக்கு ஒரு விதமாகவும் மத்திய கோட்டுக்கு ஒரு விதமாகவும் தென் அரைக்கோளத்துக்கு ஒரு விதமாகவும் ரியூபைச் சரிசெய்து அனுப்பினார்கள். ஜப்பானுக்கென்று சரிசெய்த செட் இங்கே வந்தால், அது எதிர்பார்த்த தள்ளு கிடைக்காமல் நிறம் ஒரு பக்கம் அழுக்காகும். சாதாரண செட்டில் நிறக் கோடு அகலம், இடைவெளியும் தாராளம், பிழை மறைந்துவிடும். நுண்ணிய ரியூபில் மறைக்க இடமில்லை.

தெற்கு-வடக்குப் புலம் வேறு விதம். திரையை வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ வைத்தால் புலம் கற்றையின் நீளப்போக்கில் ஓடும். நடுவில் ஒன்றும் தெரியாது, ஆனால் படம் முழுவதும் கொஞ்சம் முறுகும், மேல் மூலையும் கீழ் மூலையும் எதிர் எதிர்ப் பக்கமாக நகர்ந்து நிறம் கெடும். கிழக்கு அல்லது மேற்கு நோக்கி வைத்தால் அதே புலம் கற்றையை மேலே அல்லது கீழே தள்ளும். நெடுக்குக் கோட்டில் மேலும் கீழும் நகர்ந்தால் நிறம் மாறாது. அதே சிவப்புக் கோட்டின் மேல்தான் நிற்கும். இது விளங்கினபிறகு நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது கிழக்கு எந்தப் பக்கம் என்றுதான். மூலையில் ஊதா படிந்திருந்த செட்டைக் கால்வட்டம் திருப்பி வைத்து, மெயின் சுவிச்சை நிறுத்தி, ஆறவிட்டுப் போட்டால் ஊதா போய்விடும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மந்திரம்போல இருக்கும். மெயினை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரியூபைச் சுற்றி டீகாஸிங் சுருள் ஒன்று ஓடுகிறது. செட்டைக் குளிர்ந்த நிலையில் போடும்போது அதில் ஒரு தரம் பலமான மாறு மின்னோட்டம் ஓடிப் படிப்படியாக ஓயும். அந்த ஓய்வில் உள்ளே இருக்கும் இரும்பு பழைய காந்தத்தை விட்டு இந்த இடத்துப் புலத்துக்கு ஏற்ப அமையும். ரிமோட்டில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் போடுகிற வீடுகளில் பல செட்டுகளுக்கு அந்தச் சுருள் மாதக்கணக்காக வேலையே செய்திராது.

கடலுக்கு அப்பால் உள்ள வீடுகளுக்குச் செட்டைக் கொண்டுபோவது தனி வேலை. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறப்பதற்கு முன்னர் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் ஏற்றி இறக்க வேண்டும். குலுக்கத்தில், கற்றையைத் திரை முழுவதும் ஓட்டும் கழுத்துச் சுருளான யோக்கைத் தாங்கும் றப்பர் ஆப்புகள் நழுவும். கடையில் மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்ற செட் அக்கரையில் சிவப்பு நிழலோடு நிற்கும். அதனால் கட்டக் கோடு போடும் பற்றன் ஜெனரேட்டரையும் கையோடு கொண்டுபோவேன். யுத்த காலத்தில் அந்தப் பெட்டியும் ஹை டென்ஷன் அளக்கும் நீளக் கோலும் சோதனைச் சாவடியில் நிறையக் கேள்வியை வாங்கித்தரும். வீட்டுக்காரர் எழுதித் தந்த துண்டு ஒன்றும் செட்டின் சர்க்கியூட் படத்தாளும் எப்போதும் பையில் இருந்தன.

வீட்டு செட்டைவிட நுணுக்கமான ரியூபை நான் முதலில் பார்த்தது கப்பலில். சீனக்குடாப் பக்கம் பிறீமா மா ஆலைக்குக் கோதுமையும் டோக்கியோ சீமெந்துக்குக் கிளிங்கரும் கொண்டுவரும் கப்பல்களில் ராடர் மொனிட்டர் கெட்டால் சில வேளை முகவர் ஆள் அனுப்புவார். பழைய ராடரில் யோக் மேலே சுழலும் அன்ரெனாவோடு சேர்ந்து கழுத்தைச் சுற்றிச் சுழலும். பி7 என்ற பொஸ்பர். கற்றை பட்டதும் நீலமாக மின்னி, பிறகு மஞ்சளாக நெடுநேரம் மங்காமல் நிற்கும். பிறகு வந்தவை ரீவியைப் போலக் கோடு கோடாக ஓடும் நிற மொனிட்டர்கள். 10,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் ராடர் வட்டம் குறைந்தது 340 மில்லிமீற்றர் விட்டம் இருக்க வேண்டும் என்பது அப்போதைய சர்வதேச விதி. ஆகவே பெரிய ரியூப். 1280க்கு 1024 புள்ளி, செக்கனுக்கு 60 முழுப் படம். கற்றை செக்கனுக்கு ஏறக்குறைய 64,000 தடவை குறுக்கே ஓடுகிறது. அதன் முன்னால் நின்றபோதுதான் போக்கஸ் என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரிந்தது. மூலையில் உள்ள எழுத்தும் நடுவில் உள்ள எழுத்தும் ஒரே கூர்மை. மூலைக்குப் போக கற்றைக்குத் தூரம் கூட. ஒரே போக்கஸ் வோல்ட் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. ஆகவே கற்றை ஓரத்துக்குப் போகப் போக வோல்ட்டைச் சில நூறு கூட்டி, நடுவுக்கு வரக் குறைத்து, ஒவ்வொரு கோட்டிலும் இதைச் செய்துகொண்டே இருக்கும் ஒரு சர்க்கியூட். டைனமிக் போக்கஸ். வீட்டு செட்டில் அந்தக் காலத்தில் அதை அரிதாகவே கண்டேன்.

உயர் தெளிவு ரீவி ரியூபே எங்கள் ஊருக்கு வந்தது மிகப் பிந்தி. ஜப்பானில் என்.எச்.கே. 1,125 கோடு முறையை வளர்த்து, 1991 நவம்பரில் நாளுக்கு எட்டு மணி நேரம் பரீட்சார்த்தமாக ஒளிபரப்பத் தொடங்கியிருந்தது. அதற்கென்று 36 அங்குல அகலத்திரை ட்ரினிட்ரொன் 1990இலேயே வந்துவிட்டது. அங்கே 2011 ஜூலை 24ஆம் திகதி பழைய அனலொக் ஒளிபரப்பை நிறுத்தியபோது வீடுகளில் இருந்து ரியூப் செட்டுகள் குவியலாக வெளியேறின. பாவித்த ஜப்பான் சாமான்களோடு அப்படி ஒன்று, அகலத்திரை ஹை-விஷன் செட், உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வந்து சேர்ந்தது. நான்கு பேர் தூக்க வேண்டிய பாரம். இந்த வகையில் 34 அங்குலச் செட்டுகள் 90 கிலோவுக்கு அருகில் நிற்கும். கண்ணாடிதான் அந்தப் பாரம். உள்ளே வெற்றிடம் இருக்க, அந்த அகலமான தட்டை முகத்தை வெளிக்காற்று நசுக்காமல் தாங்க அவ்வளவு தடிப்பு வேண்டும்.

எங்கள் 230 வோல்ட்டில் கொடுக்க முடியாது, 100 வோல்ட்டுக்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் கட்டினேன். போட்டவுடன் எனக்கு வந்தது பயம். செட்டில் சத்தமே இல்லை. பால் செட்டைப் போட்டால் 15,625 ஹேர்ட்ஸ் கீச்சொலி காதில் விழும். அந்தக் கீச்சு இருந்தால் லைன் செக்‌ஷன் ஓடுகிறது, இல்லையென்றால் செத்துவிட்டது. இத்தனை வருடமும் மூடியைக் கழற்றாமலே நான் சொல்லும் முதல் தீர்ப்பு அதில்தான் தங்கியிருந்தது. 1,125 கோட்டை 30ஆல் பெருக்கினால் 33,750. மனிதக் காது கேட்கும் எல்லையைத் தாண்டிய ஓட்டம். செட் உயிரோடு இருக்கிறது, காது மட்டும் அதைச் சொல்லவில்லை. வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனதால் லைன் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் அதற்கேற்ற வேகத்தில் திறந்து மூட வேண்டும். கற்றையைக் கட்டுப்படுத்தும் கழுத்து போர்ட்டில் 5 மெகாஹேர்ட்ஸுக்குப் பதில் 30 மெகாஹேர்ட்ஸ் ஓட வேண்டும். அந்த போர்ட்டில் இருந்த வெப்பத் தகட்டின் அளவே அதைச் சொல்லியது.

75 சென்ரிமீற்றர் அகலத் திரையில் 1,920 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு 0.39 மில்லிமீற்றர். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிற்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 0.13. ஜப்பானின் காந்தத்துக்கென்று சரிசெய்த ரியூப், காந்த மத்திய கோட்டில். நான் மேலே சொன்ன எல்லாமே அந்த ஒரு செட்டில் வந்து நின்றது. கிழக்குப் பார்த்து வைத்தோம். சிவப்பை மட்டும் எரியவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் திரையின் ஒவ்வொரு மூலையிலும் கற்றை கோட்டின் நடுவில் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து யோக்கையும் தூய்மைக் காந்த வளையங்களையும் மயிரளவு மயிரளவாக நகர்த்தினேன். பிறகு நான்கு முனை, ஆறு முனை வளையங்களால் மூன்று நிறத்தையும் நடுவில் சேர்த்தேன். மூலைகளுக்கு, பழைய ரியூப்களில் இருந்து சேர்த்து வைத்திருந்த காந்தத் தகட்டுத் துண்டுகளை யோக்கின் இடுக்கில் செருகினேன். ஒரு மூலையைத் திருத்தினால் எதிர் மூலை கெடும். மறுபடி முதலில் இருந்து. நாள் கணக்கில் போன வேலை. பணத்துக்காகச் செய்தேன் என்று சொல்ல முடியாது.

காட்டுவதற்குப் படம் வேண்டுமே. அதன் ரியூனர் எங்கள் ஒளிபரப்பைப் பிடிக்காது. ஊரில் கலியாணம் படம்பிடிக்கும் ஒரு தம்பியிடம் சொனி இசட்1 கமெரா இருந்தது. ஜப்பான் செட்டுக்கு ஏற்ற 60 ஹேர்ட்ஸ் முறையிலும் 1,080 கோட்டில் பதியும். பத்திரகாளி அம்மன் கோவில் கோபுரத்தை அவர் காலை வெயிலில் பிடித்து வந்தார். கமெராவில் இருந்து நேரே செட்டின் டி டேர்மினலுக்கு வயர் கொடுத்தோம். கோபுரத்தில் நாங்கள் சின்ன வயதில் இருந்து கும்பிட்டுவிட்டுக் கடந்துபோகிற சுதைச் சிற்பங்கள். ஒவ்வொன்றின் கண்மணியும், நகையில் விட்ட பொன் வர்ணமும், சுதை வெடித்த மெல்லிய கோடும் தெரிந்தன. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ரியூபில் கற்றை போகாத இடம் உண்மையாகவே இருட்டு. பின்னால் விளக்கு எரியும் திரையில் அந்தக் கறுப்பு வராது. பறந்துபோன ஒரு புறா அசைவில் கரையாமல் சிறகு சிறகாகப் பறந்தது. விடுதி முதலாளி, சமையல்காரர், கமெராத் தம்பி, நான், எல்லாரும் அந்தச் சில நிமிடப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். இவ்வளவும் முடிந்த ஒரு ரியூபை எங்கள் ஊரில் யாரும் அறியாமலே அதன் காலம் முடிந்துவிட்டதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. சொனி ட்ரினிட்ரொன் தயாரிப்பை 2008இலேயே நிறுத்திவிட்டிருந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த மாதங்களையும் சொல்ல வேண்டும். நிலாவெளி, கிண்ணியா, மூதூர் எங்கும் கடல் புகுந்த வீடுகளில் இருந்து மணலோடு செட்டுகள் வந்தன. நல்ல தண்ணீரில் போர்டைக் கழுவி, நிழலில் காயவிட்டு, பிளைபேக் ட்ரான்ஸ்போமரையும் யோக்கையும் பேஸையும் மாற்றி, இயன்றதை எழுப்பினோம். கடல் நீரில் கிடந்த யோக்கின் செப்புச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சையாகியிருந்தன. ஆனால் ரியூப்களின் உள்ளே ஒரு துளி போகவில்லை. வேறு செட்டின் யோக்கைப் போட்டு, நிறங்களை மறுபடி சேர்த்தால் படம் வந்தது. கூலி வாங்கவில்லை, சாமான் விலை கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள்.

இப்போது எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி தட்டைத் திரையின் பின்விளக்கும் பவர் போர்டும்தான். ரியூப் செட்டுகள் குப்பைக்கு வருகின்றன. பழைய இரும்பு சேர்க்கும் பிள்ளைகள் யோக்கின் செப்புக்காகக் கழுத்தைச் சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டு மிச்சத்தைக் களப்புக் கரையில் போட்டுவிடுகிறார்கள். எக்ஸ் கதிர் வெளியே வராமல் இருப்பதற்காக ரியூபின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஒக்சைட் கலந்திருக்கிறது. உடைத்துப் போட்ட கண்ணாடியில் இருந்து அது மண்ணுக்கும் நீருக்கும் இறங்கும். திடீரென்று உடைந்தால் கண்ணாடி உள்வாங்கிச் சிதறும். அனோட் தொப்பியில் பல நாள் கழித்தும் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஆகவே என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்து காட்டுகிறேன்: முதலில் காப்பிட்ட திருப்புளியை ரியூபின் வெளிப்புறப் பின்னல் வயரோடு இணைத்து, தொப்பிக்கு அடியில் விட்டு மின்னை இறக்கு. பிறகு பேஸைக் கழற்றி, ஊசிகளின் நடுவில் இருக்கும் சிறு கண்ணாடிக் குமிழின் நுனியைக் குறடால் மெதுவாக நொறுக்கு. சீறிக்கொண்டு காற்று உள்ளே போகும், முழுதும் போகும்வரை பொறு. அதற்குப் பிறகு யோக்கின் பட்டியைத் தளர்த்தினால் செப்பு முழுசாகக் கையில் வரும். கண்ணாடியை உடைக்காமல் என் கடைப் பின்புறத்தில் அடுக்கி வை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளர்களிடம் சேர்த்துக் கொடுக்கலாம்.